நோகாத பல்லும் நோயில்லாப் பல்லும்

வாயின் கடைக்கோடியில் முளைக்கும் மூன்றாம் கடைவாய்ப்பல், அதாவது ஞானப்பல், எவ்வித வலியும் தராமல் இருக்கும்போது அதனை முன்கூட்டியே அகற்றிவிடுவதா, அப்படியே விட்டுவைப்பதா என்னும் கேள்வி, சிங்கப்பூரின் பல் மருந்தகங்களுக்குச் செல்லும் இளையர் பலருக்கும் பதினெட்டுக்கும் முப்பதுக்கும் இடைப்பட்ட வயதில் ஏதேனும் ஒரு நாள் எதிர்ப்படுகிறது. வலிக்கும் பல்லைப் பற்றி முடிவெடுப்பது எளிது. பாதி முடிவை வலியே எடுத்துவிடுகிறது. வலிக்காத பல்லைப் பற்றி முடிவெடுக்க வேண்டியவருக்கோ, உடல் எந்தக் குறிப்பும் தராத நிலையில், எக்ஸ்ரே படம், மருத்துவரின் சொல், கையிலுள்ள பணம், கிடைக்கக்கூடிய விடுப்பு ஆகியவை மட்டுமே துணை. இந்நான்கும் எப்போதும் ஒரே முடிவைச் சுட்டுவதில்லை என்பதும், சிராங்கூன் சாலையில் அருகருகே நடந்து செல்லும் இருவருக்கு ஒரே வகையான பல் இருந்தும் தக்க முடிவு வேறாக அமையக்கூடும் என்பதும் இவ்வுரையில் எடுத்துக்காட்டப்படும்.

மனிதருக்கு அமையும் 32 நிலைப்பற்களில் இறுதியாக உருவாகிறவை மேலே இரண்டும் கீழே இரண்டுமான நான்கு ஞானப்பற்கள். இவை பெரும்பாலும் 17 முதல் 25 வயதுக்குள் வெளிவருகின்றன. எல்லாருக்கும் நான்கும் அமைவதில்லை. பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துக் கணித்தவர்களின் மதிப்பீட்டில், ஐந்தில் ஒருவருக்கும் மேற்பட்டோருக்கு அவற்றுள் ஒன்றேனும் உருவாவதே இல்லை. ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு ஒன்றேனும் இடம் போதாமல் எலும்பிலோ ஈறிலோ சிக்கிக்கொள்கிறது. அவ்வாறு முழுமையாக வெளிவர இயலாது நின்றுவிட்ட பல்லைப் பல் மருத்துவர்கள் சிக்கிய பல் என்று குறிப்பிட்டு, அது சாய்ந்துள்ள திசையை வைத்து முன்சாய்வு, பின்சாய்வு, கிடைநிலை, நேர்நிலை என வகைப்படுத்துகின்றனர். ஜார்ஜ் வின்டர் என்னும் அமெரிக்க அறுவை மருத்துவர் 1926இல் வகுத்த இம்முறை இன்றும் வழக்கில் உள்ளது. சிங்கப்பூர்ச் சீனர்களின் ஆயிரம் தாடைப் படங்களை ஆராய்ந்து 2003இல் வெளியிடப்பட்ட ஓர் ஆய்வில் 68.6 விழுக்காட்டினருக்குச் சிக்கிய ஞானப்பல் ஒன்றேனும் இருந்தது. அவ்வாய்வில் இடம்பெற்றோர் பல் மருத்துவம் நாடி வந்தவர்கள் என்பதையும், தீவில் வாழும் தமிழரின் தாடைக்கு அவ்வெண்ணை அப்படியே பொருத்த முடியாது என்பதையும் நினைவில் கொண்டால், அதிலிருந்து பெறத்தக்க செய்தி ஒன்றே: இந்நகரில் சிக்கிய ஞானப்பல் விதிவிலக்கு அன்று, வழக்கமான நிகழ்வு. இத்தனை பேருக்கு வாய்த்திருப்பதை நோய் என்று அழைப்பதற்கு முன் சற்றுத் தயங்குவது முறையே.

வலி இல்லை என்பதும் நோய் இல்லை என்பதும் ஒன்றெனக் கொள்வதே இவ்விவாதத்தில் நேரும் முதற்பிழை. பல்லைச் சூழ்ந்த ஈறு பல்லிலிருந்து விலகி ஏற்படும் இடைவெளி ஈற்றுப்பை எனப்படும்; அதன் ஆழத்தைச் சிறிய அளவுகோலால் அளப்பர். மூன்று மில்லிமீட்டர்வரை இயல்பு. ஐந்தும் அதற்கு மேலும் இருப்பின், உயிர்வளி இன்றி வாழும் நுண்ணுயிர்கள் அங்கே குடியேறி எலும்பைக் கரைக்கத் தொடங்கியிருக்கக்கூடும். அமெரிக்காவில் வலியோ வீக்கமோ இல்லாத ஞானப்பற்களைக் கொண்ட 329 பேரைச் சோதித்து 2002இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, அவர்களுள் நான்கில் ஒரு பங்கினருக்கு ஞானப்பல்லை ஒட்டி இத்தகைய ஆழமான பை இருந்ததாகக் கண்டறிந்தது. ஈற்றுநோய் பெரும்பாலும் வலி தருவதில்லை. சொத்தையும் பல்லின் நடுவிலுள்ள நரம்புப் பகுதியை எட்டும்வரை வலிப்பதில்லை. மேலும், முன்சாய்ந்து பாதி வெளிவந்த ஞானப்பல் தனக்கு முன்னுள்ள இரண்டாம் கடைவாய்ப்பல்லின் கழுத்தில் முட்டிக்கொண்டு நிற்கும்போது, இரண்டுக்கும் இடையே தூரிகையோ பல்நூலோ நுழைய முடியாத ஒரு சந்து உண்டாகி, அங்கே தங்கும் உணவுத்துகள் ஞானப்பல்லை விட்டுவிட்டு அதன் அண்டைப் பல்லையே அரிக்கிறது. அவ்வாறு சொத்தையுறும் இரண்டாம் கடைவாய்ப்பல் மெல்லுவதற்கு இன்றியமையாதது. ஞானப்பல்லோ இல்லாவிட்டாலும் பெரிதாகத் தெரியாதது. ஆகவே காப்பாற்றப்பட வேண்டியது எது என்று கேட்டால், பல வாய்களில் அது முன்னுள்ள பல்லே.

இதனால், வலியின்மையை மட்டும் வைத்துப் பேசாமல், வலி உண்டா இல்லையா, நோய் உண்டா இல்லையா என இரு கேள்விகளையும் தனித்தனியே கேட்டு நான்கு நிலைகளாகப் பிரித்துப் பார்ப்பதை அண்மைக்கால வல்லுநர் பலர் வலியுறுத்துகின்றனர். வலியும் நோயும் உள்ள பல் அகற்றப்பட வேண்டியதே. வலி இருந்தும் பல்லில் நோய் இல்லையெனில், தாடை மூட்டிலோ தசையிலோ வேறு காரணம் தேட வேண்டும். வலியில்லாது நோய் மட்டும் உள்ள பல்லுக்கும் சிகிச்சை தேவை. அச்சிகிச்சை பெரும்பாலும் அகற்றுதலாகவே அமையும். எஞ்சுவது வலியும் இல்லை, நோயும் இல்லை என்னும் நான்காம் நிலை. உண்மையான ஐயம் இங்கேதான் உள்ளது. உலகின் நிபுணர் அமைப்புகள் ஒன்றோடொன்று முரண்படுவதும் இங்கேதான்.

நான்காம் நிலையில் உள்ள பல்லை அகற்றுவது நல்லதா என்பதற்கு நேரடிச் சான்று எவ்வளவு மெலிந்தது என்பதைக் காக்ரேன் அமைப்பின் தொகுப்பாய்வு காட்டுகிறது. மருத்துவச் சோதனைகளைச் சலித்துத் தரமானவற்றை மட்டும் ஒப்பிடும் அவ்வமைப்பு 2020இல் புதுப்பித்த தன் அறிக்கையில் ஏற்கத்தக்கனவாகக் கண்டவை இரண்டே ஆய்வுகள். அவற்றுள் ஒன்று 1998இல் பிரிட்டனில் வெளிவந்தது. 164 இளையரைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு சாராருக்குக் கீழ் ஞானப்பற்களை அகற்றியும் மறுசாராருக்கு விட்டுவைத்தும், முன்பற்கள் நெருக்கியடித்து வளைவது குறைகிறதா என்று பார்த்தது. ஐந்தாண்டுகளுக்குப் பின் திரும்ப வந்தவர் 77 பேர். மருத்துவ நோக்கில் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. பல்வரிசைக் கம்பி போட்டு நேராக்கிய பற்களை ஞானப்பல் மீண்டும் தள்ளிக் கோணலாக்கிவிடும் என்னும் அச்சம் சிங்கப்பூர்ப் பெற்றோரிடையே இன்றும் வலுவாக உலவுகிறது. அதற்காகவே ஒரு பல்லை எடுக்கச் சொன்னால் அச்சொல்லுக்குச் சான்று போதாது. மற்றோர் ஆய்வு பாஸ்டனில் 416 ஆண்களை, சிலரை 25 ஆண்டுகளுக்கு மேலாகவும், பின்தொடர்ந்தது. ஞானப்பல்லே இல்லாதவரோடு ஒப்பிடுகையில், ஈறில் சிக்கிய ஞானப்பல் உடையோரின் இரண்டாம் கடைவாய்ப்பல் நோயுறும் வாய்ப்பு ஏறத்தாழ ஐந்து மடங்காக இருந்தது. எனினும் பின்தொடர்ந்து கவனிப்பது மட்டுமே அவ்வாய்வின் முறை; அகற்றியிருந்தால் அக்கேடு நேர்ந்திராது என்று அது மெய்ப்பிக்கவில்லை. அகற்று என்றும் விட்டுவை என்றும் உறுதியாகச் சொல்லச் சான்று போதவில்லை என்பதே காக்ரேனின் முடிவு.

சான்று போதாத இடத்தில் நாடுகள் தத்தம் மரபுப்படியும் கணக்குப்படியும் நடந்துகொண்டன. பிரிட்டனில் பொதுநிதியால் நடக்கும் மருத்துவச் சேவைக்கு வழிகாட்டும் நைஸ் அமைப்பு, 2000 மார்ச்சில் வெளியிட்ட அறிவுரையில், நோயற்ற சிக்கிய ஞானப்பற்களைத் தடுப்பு நோக்கில் அகற்றும் வழக்கத்தை நிறுத்தச் சொன்னது. ஞானப்பல்லைப் போர்த்திய ஈறு மடலுக்கு அடியில் ஏற்படும் அழற்சி கடுமையாக இல்லாவிடில் முதல் முறைக்கு அகற்ற வேண்டாம், இரண்டாம் முறை வந்தால் எண்ணிப் பார்க்கலாம் என்றும் கூறியது. அமெரிக்கப் பொதுச் சுகாதாரச் சங்கமும் 2008இல் தடுப்பு நோக்கிலான அகற்றலை எதிர்த்துத் தீர்மானம் இயற்றியது. அதற்கு முந்திய ஆண்டில் ஜே ஃபிரீட்மன் என்னும் பல் மருத்துவர் எழுதிய கட்டுரை, அந்நாட்டில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 50 இலட்சம் பேரிடமிருந்து ஒரு கோடி ஞானப்பற்கள் பிடுங்கப்படுவதாகவும், அதற்கு 300 கோடி டாலருக்கு மேல் செலவாவதாகவும் கணக்கிட்டது. அந்நாட்டு வாய் அறுவை மருத்துவர் சங்கமோ அக்கணக்கின் முடிவை ஏற்கவில்லை. நோயுற்றதையும் நோயுறும் வாய்ப்பு மிக்கதையும் அகற்றி, ஏனையவற்றைத் தொடர்ந்து கண்காணிக்க வேண்டும் என்பது அதன் நிலைப்பாடு. அகற்றுவோரின் வருவாய் அகற்றுதலில் இருக்கிறது என்பதை மறைப்பதற்கில்லை. ஆனால் நைஸின் அறிவுரைக்குப் பின்னால் அரசுச் செலவைக் குறைக்கும் நோக்கமும் இருந்தது என்பதையும் உடன் சொல்ல வேண்டும்.

பிரிட்டன் கைக்கொண்ட பொறுமையின் விளைவு பிறர்க்குப் பாடமாக உள்ளது. அங்கே 2012இல் வெளிவந்த ஓர் ஆய்வின்படி, ஞானப்பல் அகற்றப்படுவோரின் சராசரி வயது 25இலிருந்து 32ஆக உயர்ந்தது. அகற்றக் காரணமாகச் சொத்தை குறிப்பிடப்படுவதும் பெருகியது. அதாவது, தடுக்கப்பட்டதாக எண்ணிய அறுவைச் சிகிச்சைகளில் ஒரு பகுதி தள்ளிப்போடப்பட்டது மட்டுமே. தள்ளிப்போன காலத்தில் சிலர் அண்டைப் பல்லையும் பறிகொடுத்தனர். இங்கிலாந்து அரச அறுவை மருத்துவர் கல்லூரியின் பல் மருத்துவப் பிரிவு 2020இல் வெளியிட்ட வழிகாட்டியில், ஒரே விதியை எல்லார்க்கும் பொருத்தாமல், ஒவ்வொருவரின் நிலையையும் எதிர்கால வாய்ப்புகளையும் எடைபோட்டு முடிவெடுக்கும் போக்கு தெரிகிறது. பாதி வெளிவந்து முன்சாய்ந்து அண்டைப் பல்லை முட்டும் பல்லுக்கும், எலும்புக்குள் முழுதும் புதைந்து எதனையும் தொடாமல் கிடக்கும் பல்லுக்கும் ஒரே விதி கூறியதே முன்னைய அறிவுரையின் குறை எனலாம்.

அகற்றுதலும் செலவில்லாத செயலன்று. பணச் செலவு அதில் சிறு பகுதி. கீழ் ஞானப்பல்லின் வேருக்கு அடியில் கீழுதட்டுக்கும் தாடை நுனிக்கும் உணர்வு தரும் நரம்பு எலும்புக் குழாய் ஒன்றினுள் ஓடுகிறது. உட்புறத்தில் நாக்கின் உணர்வையும் சுவையையும் தாங்கும் நரம்பு செல்கிறது. இவை அறுவையின்போது நசுங்கினாலோ அறுந்தாலோ உதடும் நாக்கும் மரத்துப்போகும். பெரும்பாலோர்க்குச் சில வாரங்களில் அல்லது மாதங்களில் உணர்வு மீளும். நிலையாக மரத்துப்போவது நூற்றில் ஒருவருக்கும் குறைவே. நூற்றில் ஒன்று என்பது எண்ணளவில் சிறியது. ஆனால் அவ்வொருவர் கோவிலில் நாகசுரம் வாசிப்பவராக இருந்தால் கீழுதட்டின் உணர்வு அவருக்குத் தொழில் முதல். இவை தவிர, பற்குழியில் உறைய வேண்டிய இரத்தக்கட்டி கரைந்து எலும்பு வெளித்தெரியும் உலர்குழி என்னும் நிலை மூன்றாம் நாளை ஒட்டிக் கடும் வலியைத் தரும். வீக்கம், வாய் திறக்க முடியாமை, தொற்று ஆகியனவும் நேரலாம். மேல் ஞானப்பற்களை எடுப்பது பொதுவாக எளிது. அங்கே முதன்மையாகக் கவலைக்குரியது மேல்தாடை எலும்பினுள் இருக்கும் காற்றறை திறந்துகொள்வது, அதுவும் அரிது.

வயது இவ்வெல்லாக் கேடுகளையும் பெருக்குகிறது. இருபது வயதை ஒட்டி வேர் முழுமையாக வளராமலும் எலும்பு நெகிழ்வாகவும் இருக்கும். இருபத்தைந்தைக் கடந்தபின் வேர் நரம்பை நெருங்கி எலும்பும் இறுகுவதால் சிக்கல்கள் கூடுகின்றன. எடுக்கத்தான் வேண்டும் என்று தெளிவாகத் தெரியும் பல்லை நாற்பது வயதுவரை ஒத்திவைப்பது இதனாலேயே அறிவுடைமை ஆகாது. ஆனால் இதே வாதத்தைப் பிடித்துக்கொண்டு, எடுக்கத் தேவை வருமா என்றே தெரியாத பல்லையும் இளமையிலேயே எடுத்துவிடச் சொல்வது, நூறு பேரின் தாடையைத் திறந்து சிலரைக் காப்பதாக முடியும். நரம்பின்மேல் வேர் படிந்திருப்பதாகப் படம் காட்டினால் மூன்றாம் வழி ஒன்றும் உண்டு: பல்லின் முடியை மட்டும் வெட்டி நீக்கி வேரை எலும்பிலேயே விட்டுவிடும் கொரோனெக்டமி. ஹாங்காங்கில் 349 கீழ் ஞானப்பற்களில் குலுக்கல் முறையில் நடத்தி 2009இல் வெளியிடப்பட்ட சோதனையில், முழுதும் அகற்றிய 178 பற்களில் ஒன்பது இடங்களில் கீழுதட்டு நரம்பு பாதிக்கப்பட, முடி மட்டும் நீக்க முயன்ற 171இல் ஒரே இடத்தில்தான் பாதிப்பு நேர்ந்தது. விட்டுவைத்த வேர் பின்னர் நகர்ந்து மேலே வந்து இரண்டாம் அறுவை தேவைப்படுவதும் உண்டு.

இப்பொதுச் செய்திகள் சிங்கப்பூருக்கு வரும்போது பணம் செலுத்தும் முறையால் சாய்கின்றன. 1984 ஏப்ரலில் தொடங்கிய மெடிசேவ், மத்திய சேம நிதியின் உறுப்பினர் ஒவ்வொருவரும் தம் ஊதியத்திலிருந்து மருத்துவத்துக்கென ஒதுக்கும் சேமிப்பு. பல் சிகிச்சையில் இதனை அறுவைச் சிகிச்சைக்கு, அதாவது ஈறைக் கீறி அல்லது எலும்பைச் சீவிப் பல்லை எடுப்பதற்கு, குறிக்கப்பட்ட உச்சவரம்புக்குள் பயன்படுத்தலாம். இடுக்கியால் நேராகப் பிடுங்குவதற்கும், பற்காரை நீக்குவதற்கும், ஆண்டுதோறும் வாயைச் சோதித்துக்கொள்வதற்கும் இளையர் பயன்படுத்த இயலாது. ஆதலால் ஞானப்பல்லை வெட்டி எடுப்பவருக்குக் கையிலிருந்து போவது குறைவு அல்லது ஒன்றுமில்லை. விட்டுவைத்துக் கண்காணிப்பவரோ ஒவ்வொரு வருகைக்கும் ஒவ்வொரு படத்துக்கும் வெள்ளியை எண்ணி வைக்க வேண்டும். மருத்துவக் காரணத்துக்காக வகுக்கப்பட்ட இவ்வேறுபாடு, நோயாளியின் மனத்தில் அறுவைச் சிகிச்சை இலவசம் என்ற தோற்றத்தை உண்டாக்குகிறது. மெடிசேவில் உள்ளதும் உழைத்த பணமே, முதுமையில் தேவைப்படும் பணமே என்பது இருபத்திரண்டு வயதில் நினைவுக்கு வருவதில்லை. சுகாதார அமைச்சு முறையற்ற கோரிக்கைகளைக் கண்டறிந்து சில பல் மருந்தகங்களை அரசுத் திட்டங்களிலிருந்து இடைநிறுத்தியது அனைவரும் அறிந்ததே. ஆனால் முறையான கோரிக்கைகளுக்குள்ளேயே இருக்கும் இச்சாய்வு யாருடைய குற்றமும் இல்லாமல் நாள்தோறும் இயங்குகிறது. கண்காணிப்புக்கும் ஒரு சிறு தொகையை அனுமதித்தால் சிலர் அறுவையையே நாட மாட்டார்கள் என்று கருத இடமுண்டு.

குடிமக்களுக்கு வேறு வழிகளும் உள்ளன. பலதுறை மருந்தகத்தின் பல் பிரிவு வழியே பரிந்துரை பெற்றுச் செல்வோர், ஊட்ரம் வளாகத்தில் 1997 முதல் இயங்கும் தேசியப் பல் மருத்துவ நிலையத்தில் உதவித்தொகையுடன் சிகிச்சை பெறலாம். லிட்டில் இந்தியா ரயில் நிலையத்திலிருந்து அது நான்காவது நிறுத்தம். கென்ட் ரிட்ஜில் 2019இல் திறக்கப்பட்ட பல்கலைக்கழக வாய்நல நிலையமும் உண்டு. விலையைப் பார்த்து ஜொகூர் பாருவுக்கோ, தீபாவளிப் பயணத்தோடு சேர்த்துத் தமிழ்நாட்டுக்கோ சென்று பல்லை எடுத்து வருவோரும் இருக்கின்றனர். அங்குள்ள அறுவை மருத்துவரின் திறனைப் பற்றி ஐயுற வேண்டியதில்லை. உலர்குழியின் வலி மூன்றாம் நாளில் வரும்போது வெட்டியவர் ஒரு நாட்டிலும் வலிப்பவர் வேறு நாட்டிலும் இருப்பதே இடர். தேசிய சேவையில் இருக்கும் இளையரின் நிலை தனி. படையின் பல் மருந்தகத்தில் அவர்களுக்குச் சிகிச்சை இலவசம். அறுவைக்குப் பின் எம்சி எனப்படும் மருத்துவ விடுப்பும் கிடைக்கும். வயதோ அறுவைக்கு மிக உகந்த பதினெட்டும் இருபதும். பயிற்சிக்காகக் காட்டிலும் கடல் கடந்தும் இருக்கும்போது ஈறு வீங்கினால் இடர் என்பதும் உண்மையான காரணமே. ஆயினும் விடுப்பின் கவர்ச்சியால் நல்ல பல்லைக் கொடுப்பது சற்று அதிக விலை.

இனி, ஞாயிற்றுக்கிழமை மாலையில் தேக்கா நிலையத்தைச் சுற்றியும் டன்லப் ஸ்திரீட்டிலும் கூடும் வேலை அனுமதிச் சீட்டுத் தொழிலாளர். சேம நிதியில் இடமில்லாததால் இவர்களுக்கு மெடிசேவும் இல்லை. முதலாளி எடுக்க வேண்டிய காப்புறுதி, 2023 ஜூலை முதல் ஆண்டுக்குக் குறைந்தது 60,000 வெள்ளி என உயர்த்தப்பட்டிருந்தாலும், மருத்துவமனையில் தங்கிப் பெறும் சிகிச்சையையும் பகல்நேர அறுவையையும் கருதியே அமைந்தது. வலிக்காத பல்லைச் சோதித்துக்கொள்ளும் செலவை அது நோக்கமாகக் கொள்ளவில்லை. மருந்தகம் நடத்தும் ஹெல்த்சர்வ் போன்ற தொண்டு அமைப்பு குறைந்த கட்டணத்தில் பல் சிகிச்சை அளித்து வந்திருப்பது பெரும் உதவி. இவ்வகைத் தொழிலாளிக்குக் கண்காணிப்பு என்பது ஏட்டளவில் மட்டுமே உள்ள வழி. ஆண்டுக்கொரு முறை விடுப்பெடுத்துப் பல் மருத்துவரைப் பார்ப்பது நடவாது. ஈறு வீங்கியபின் வலி மாத்திரையை விழுங்கிவிட்டுச் சாரத்தில் ஏறுவதே நடக்கும். ஞானப்பல்லிலிருந்து பரவும் தொற்று, மிக அரிதாக, வாயின் அடித்தளத்தில் இறங்கிக் கழுத்தை வீங்கச்செய்து மூச்சுக்குழாயை அடைக்கக்கூடும். 1836இல் வில்ஹெல்ம் ஃபிரெடரிக் ஃபான் லுட்விக் என்னும் ஜெர்மானிய மருத்துவர் விவரித்த இந்நிலை இன்றும் உயிர் பறிக்க வல்லது. இதற்கு இரையாகிறவர் பெரும்பாலும் சிகிச்சையைத் தள்ளிப்போட நேர்ந்தவர். ஆகவே, அலுவலகத்தில் பணிபுரிந்து ஆறு மாதத்துக்கொரு முறை பற்காரை நீக்கிக்கொள்ளும் ஒருவருக்கு விட்டுவைக்கலாம் என்று சொல்லத்தக்க பாதி வெளிவந்த பல்லையே, இரண்டாண்டு ஒப்பந்தத்தில் புறப்படவிருக்கும் இளைஞர் ஒருவர் ஊரிலேயே, புறப்படுவதற்குச் சில வாரங்கள் முன்னதாக, எடுத்துவிட்டு வருவது தக்கதாகலாம். வந்தபின் எடுக்க நேர்ந்தால், கனம் தூக்குவதையும் உயரத்தில் வேலை செய்வதையும் சில நாள் தவிர்க்கும்படி மருத்துவர் எழுதித் தரும் சீட்டு, மருந்தைவிடக் குறைந்த தேவையுடையது அன்று.

உடல்நிலையும் தராசை அசைக்கிறது. சிங்கப்பூரில் நீரிழிவு இந்திய வம்சாவளியினரிடையே கூடுதலாகக் காணப்படுகிறது. சர்க்கரை கட்டுக்குள் இல்லாத உடலில் ஈற்றுநோய் விரைந்து முற்றும், வெட்டிய புண்ணோ மெல்ல ஆறும். எனவே அத்தகையோருக்கு விட்டுவைத்தல், எடுத்தல் இரண்டுமே இடர் மிகுந்தவை. முதலில் சர்க்கரையைச் சீராக்கிவிட்டு முடிவெடுப்பது முறை. பாக்கு மெல்லுவோருக்குத் தனிக் கவலை ஒன்று உண்டு. குட்கா, கைனி, ஜர்தா ஆகியவை சிங்கப்பூரில் 2016 ஆகஸ்டு முதல் தடை செய்யப்பட்டுள்ளன; பாக்கு அத்தடையில் அடங்காது. புகையிலை சேராத வெற்றிலைப் பாக்கையும் புற்றுநோய் விளைவிப்பதாக அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வகைப்படுத்தியது. அதற்கு முந்திய கட்டமாக, கன்னத்தின் உட்சவ்வுக்கு அடியில் நார் படிந்து இறுகி, வாய் ஆண்டுக்காண்டு குறைவாகத் திறக்கும் நோய் பலருக்கு வருகிறது. வாய் இரு விரல் அகலம்கூடத் திறவாத நிலையில் கடைக்கோடிப் பல்லை எடுப்பது மிகக் கடினம். அந்நோய் தொடங்கியவரின் ஐயத்துக்குரிய ஞானப்பல்லை வாய் திறக்கும் காலத்திலேயே தீர்த்துவிட வேண்டும். பாக்கை நிறுத்துவது அதற்கும் முந்திய வேலை.

கருவுற்ற காலத்தில் ஈறு எளிதில் வீங்கும். மருந்தும் படமும் தயக்கத்தோடே தரப்படும். முன்பே ஒருமுறை ஈறு மடல் வீங்கிய பெண்கள் தாய்மைக்குத் திட்டமிடும்போது இதனை எண்ணிப் பார்ப்பது நல்லது. எலும்புத் தேய்வுக்கு ஊசியோ மாத்திரையோ எடுக்கத் தொடங்கவிருக்கும் முதியவர், தலை கழுத்துப் பகுதிக்குக் கதிர்ச் சிகிச்சை பெறவிருப்பவர் ஆகியோருக்குப் பல்லைப் பற்றிய முடிவு சிகிச்சைக்கு முன்னரே எடுக்கப்பட வேண்டும். பின்னர் பிடுங்கினால் தாடையெலும்பு ஆறாமல் மடிந்துபோகும் அபாயம் உண்டு. இவர்களை விலக்கினால், அறுபது வயதில் எலும்புக்குள் அமைதியாகக் கிடக்கும் பல்லைத் தேடிச்சென்று எடுக்கக் காரணம் ஏதுமில்லை. விட்டுவைத்த பல்லால் பயனும் உண்டு: சொத்தையால் முதற் கடைவாய்ப்பல்லை இழந்த இளையருக்கு, நன்கு அமைந்த ஞானப்பல்லைப் பெயர்த்து அவ்விடத்தில் நடும் சிகிச்சை பல பத்தாண்டுகளாகச் செய்யப்படுகிறது.

விட்டுவைப்பதாக முடிவெடுத்தால் அம்முடிவுக்கு ஒரு நடைமுறை வேண்டும். ஓபிஜி எனப்படும் முழுத்தாடைப் படம் ஒன்றை அடிப்படையாக எடுத்து வைத்து, ஈற்றுப்பையின் ஆழத்தை எழுதி வைத்து, ஓராண்டு அல்லது ஈராண்டுக்கு ஒருமுறை அளவை ஒப்பிட்டுப் பார்ப்பதே கண்காணிப்பு. ஒன்றும் செய்யாதிருப்பதற்கு அப்பெயர் பொருந்தாது. எடுப்பதாக முடிவெடுத்தால், மருத்துவரிடம் கேட்க வேண்டியவை சில. இந்தப் பல்லில் இன்று காணப்படும் நோய் எது, அது படத்தில் எங்கே தெரிகிறது. நரம்பு வேரிலிருந்து எவ்வளவு தொலைவில் உள்ளது, முப்பரிமாணப் படம் தேவையா. நான்கையும் சேர்த்து எடுக்கச் சொல்வதற்கு நான்கிலும் தனித்தனிக் காரணம் உண்டா. ஈராண்டு காத்திருந்தால் இழக்கக்கூடியது என்ன. நான்கையும் ஒன்றாக எடுத்தால் மயக்க மருந்தும் விடுப்பும் ஒருமுறையோடு போகும் என்பது ஏற்கத்தக்க வாதமே, ஆனால் அது வசதி பற்றிய வாதம். நோயாளி தெளிந்து முடிவெடுக்கத் தேவையான செய்தியை மருத்துவத் தொழிலர் தர வேண்டும் என்பதைச் சிங்கப்பூரின் குடிமைச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 37ஆம் பிரிவு 2022 ஜூலை முதல் நெறிப்படுத்துகிறது. ஆகவே இக்கேள்விகளைக் கேட்பது மரியாதைக் குறைவாகாது. மருத்துவர் ஆங்கிலத்தில் விளக்க, கேட்பவர் தலையாட்டிவிட்டுக் கையெழுத்திடுவது சிராங்கூன் சாலை வட்டாரத்தில் நடவாதது அன்று. தமிழ் தெரிந்த உதவியாளரையோ உறவினரையோ உடன் வைத்துக்கொண்டு கேட்கலாம்.

படத்தின் நகலைக் கேட்டு வாங்கிக் கைப்பேசியில் வைத்துக்கொள்வது எல்லாருக்கும் உதவும், குறிப்பாக ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்புவோருக்கு. இன்று சிங்கப்பூரில் எடுத்த படத்தோடு ஈராண்டு கழித்துத் திருச்சியிலோ தஞ்சாவூரிலோ எடுக்கும் படத்தை அருகருகே வைத்தால், அண்டைப் பல்லின் கழுத்தில் புதிதாக ஒரு நிழல் விழுந்திருக்கிறதா என்பதை அங்குள்ள பல் மருத்துவர் சில நிமிடங்களில் சொல்லிவிடுவார். முதற்படம் இல்லாவிட்டால், அந்நிழல் பழையதா, வளர்வதா என்று அவரால் சொல்ல இயலாது.